அடுப்பில்லாத சமையலறை

அந்த விலங்குக் காட்சிசாலையில் அவளை எல்லோரும் சமையல்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வருடமாக அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவள் வேலை பார்த்த கட்டடத்தின் வாசலில் ‘தீவன சமையலறை’ என்று பலகை மாட்டியிருந்தது உண்மைதான். ஆனால் உள்ளே அடுப்பு கிடையாது. கழுவும் தொட்டி இரண்டு, நீளமான எவர்சில்வர் மேசை ஒன்று, குளிர் அறை ஒன்று, நிறம் நிறமாக வாளிகள், அப்புறம் ஒரு தராசு. காலை ஆறு மணிக்கு வந்து ஈரத் தரையில் நின்றால் பத்தரை வரை நறுக்குவதும் எடை போடுவதுமாகவே போகும். வேகவைப்பது, வதக்குவது, தாளிப்பது ஒன்றும் இல்லை. “சமைக்காதவளுக்கு எதுக்குய்யா அந்தப் பேரு?” என்று அவள் கேட்டுப் பார்த்தாள். பெயர் மாறவில்லை.

மனிதக் குரங்குகளின் பகுதிக்கு ஊதா நிற வாளி. சிம்பன்சிக்கு இவ்வளவு கோஸ், இவ்வளவு கேரட், இவ்வளவு வெள்ளரி என்று சுவரில் ஒட்டிய பட்டியல் சொல்லும். அவள் அதில் ஐந்து கிராம் கூடினாலும் ஒரு துண்டை எடுத்துவிடுவாள். ஐந்து கிராம் குறைந்தாலும் ஒரு துண்டைக் கிள்ளிப் போடுவாள். வாளிகளைச் சுமந்து போகும் பையன்கள் “குரங்கு என்ன தராசு வச்சா பாக்கப்போகுது?” என்று சிரிப்பார்கள். “குரங்கு பாக்காது, நான் பாப்பேன்” என்பாள். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வருடம் மெமோ வந்தது.

உராங்குட்டான் கூண்டில் ஒரு பெண் உராங்குட்டான் இருந்தது. செம்பட்டை முடி தரையில் புரள, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரை ஏற இறங்கப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினான்கே மாதத்தில் மகாராணிக்கு ஒன்பது கிலோ கூடிவிட்டது. அறுபத்தாறு இருந்தது எழுபத்தைந்து. கயிற்றில் தொங்குவதையே நிறுத்திவிட்டது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் தலைகாட்டியது. புதிதாக வந்திருந்த இயக்குநர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பட்டியல் டாக்டர் போட்டது, டாக்டர் படித்தவர், எனவே பட்டியல் சரி. பட்டியல் சரியென்றால் தப்பு எங்கே? சமையலறையில். ‘தீவன அளவில் கவனக்குறைவு, ஒரு மாதத்துக்குள் விளக்கம் தரவும்’ என்று தாள் வந்தது.

அவள் அந்த மேசையிலேயே நின்று விளக்கம் எழுதினாள். ‘பட்டியலில் உள்ளதை எடை போட்டுக் கொடுத்தேன். வேறு ஒன்றும் இல்லை.’ இரண்டு வரி. இயக்குநர் அதில் ‘போதாது’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்.

“போதாதாம்! ரெண்டு வரிக்கு மேல உண்மைக்கு நீளம் இருக்கா என்ன?” என்று அவள் வீட்டில் வந்து பொருமினாள்.

கேட்பதற்கு வீட்டில் ஆள் இருந்தது. ஆனால் அந்த ஆள் அப்போது வேறு உலகத்தில் இருந்தார்.

அவள் கணவர் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. முதல் ஆறு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் வண்டிகளுக்கெல்லாம் குறை சொன்னார். அடுத்த ஆறு மாதம் கைபேசியைப் பார்த்தார். அதற்குள் வயிறு சட்டைப் பொத்தானோடு சண்டைக்கு நின்றது. மருத்துவர், “இப்படியே போனா மாத்திரைதான், பாத்துக்குங்க” என்றார். அதற்கு அடுத்த வாரம் அவர் கைபேசியில் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தார். பச்சையாகச் சாப்பிடுகிறவர்களின் கூட்டம். அடுப்பே மனிதனின் முதல் எதிரி என்பது அவர்கள் கட்சி.

“நம்ம முன்னோரெல்லாம் எந்த அடுப்புல சமைச்சாங்க சொல்லு. காட்டுல கெடைச்சதை அப்படியே கடிச்சுத் தின்னாங்க. சர்க்கரை வந்துதா, தொப்பை வந்துதா?”

“உங்க முன்னோருக்குத்தான் நான் தினம் காலையில காய் நறுக்கிட்டு வரேன்” என்றாள் அவள். “அதுங்க நாள்பூரா என்ன பண்ணுது தெரியுமா? மெல்லுது. மென்னு முடிச்சா படுக்குது. எழுந்தா மறுபடியும் மெல்லுது. அதுக்கு ஆபீஸ் இல்ல, பஸ்ஸைப் பிடிக்கணும்னு இல்ல. உங்களுக்கு அந்தத் தாடையும் கிடையாது, அந்த வயிறும் கிடையாது.”

“நீ நறுக்கறவ. உனக்கு ஆராய்ச்சி தெரியாது.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவள் அவரை ஒரு வாரம் பேசாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. காரணம், ஓய்வுக்குப் பிறகு அவர் காலையில் உற்சாகமாக எழுந்தது அப்போதுதான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். அவருக்கான கோஸையும் கேரட்டையும் ஊறவைத்த பயறையும் கொட்டைகளையும் அவளே அளந்து தட்டில் வைத்தாள். வீட்டுத் தராசும் அவளுடையதுதான், பழக்கம் விடுமா? மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு சின்ன நோட்டில் குறித்தும் வைத்தாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான்காம் நாள் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“இந்த வாசனை என்னைப் படுத்துது. நீயும் கொஞ்ச நாள் சமைக்காம இருந்தா எனக்கு உதவியா இருக்கும்.”

“நான் என்னத்தைச் சாப்பிடறது?”

“நான் சாப்பிடறதைத்தான்.”

அவள் அடுப்பை அணைத்தாள். அவர் உடனே அதன்மேல் ஒரு துணியை விரித்து, துணிமேல் ஒரு கீரைத் தொட்டியைத் தூக்கி வைத்தார். வேலை செய்யும் இடத்தில்தான் அடுப்பில்லை என்றால் வீட்டிலும் இல்லை. காலையில் பச்சைக் காய்க்கு நடுவே நான்கு மணி நேரம் நின்றுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே பச்சைக் காயைத் தட்டில் பார்க்கும்போது அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதையும் செய்ய நேரமில்லை, மென்று முடிக்க வேண்டியிருந்தது. ஒரு தட்டு கேரட்டும் கோஸும் முக்கால் மணி நேரம் பிடித்தது. இரவில் தாடை வலித்தது. கைகால் சில்லிட்டது. சாப்பிட்டு எழுந்த அரை மணியில் மறுபடி பசித்தது. அவளுக்கு ஐந்து வாரத்தில் நான்கு கிலோ இறங்கியது. அவரோ முதல் மாதம் மூன்று கிலோ இறங்கினார், அதன்பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

“உடம்பு சமநிலைக்கு வந்துடுச்சு” என்றார் அவர். கூட்டத்தில் அவரைப் பாராட்டினார்களாம். அவருடைய தட்டின் படத்தைப் பார்த்து நூற்று நாற்பது பேர் கைதட்டினார்களாம். தட்டை அடுக்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் காட்சிசாலைக்கு ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள், அது இவளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. மனிதக் குரங்குகள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கின்றன என்று அளக்க வந்திருந்தாள். அளப்பது என்றதும் இவள் காது நீண்டது.

“எந்தத் தராசுல?”

“தராசு இல்லக்கா. தண்ணி.”

அந்தப் பெண் கொண்டு வந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது. ஆனால் அதில் உள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமானவை. கெடுதல் இல்லாதது. பழச்சாற்றில் கலந்து குரங்குக்குக் கொடுப்பார்கள். பிறகு பத்து நாள் அதன் சிறுநீரைச் சேகரிக்க வேண்டும். கனமான ஹைட்ரஜன் தண்ணீராக மட்டும்தான் வெளியே போகும். கனமான ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், விடும் மூச்சிலும் போகும். ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது, ஹைட்ரஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூச்சின் கணக்கு. மூச்சின் கணக்கு தெரிந்தால் உடம்பு எவ்வளவு எரித்தது என்பது தெரிந்துவிடும்.

“பொய் சொல்ல முடியாத கணக்கு அக்கா” என்றாள் ஆராய்ச்சிக்காரி. “யார் என்ன சாப்பிட்டாங்கன்னு வாயால சொல்றதை நாங்க நம்பறதில்ல. எல்லாரும் கொறைச்சுத்தான் சொல்வாங்க.”

“குரங்குமா?”

“குரங்கு சொல்லாது. அதுக்குப் பதிலா நீங்க சொல்வீங்க.”

மெமோ வந்த புண் ஆறவில்லை. இந்தப் பெண்ணும் குத்துகிறாளா என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகுதான் அந்தப் பெண் விளையாட்டாகச் சொன்னது புரிந்தது. சிறுநீர் சேகரிக்கும் வேலையில் இவளையும் சேர்த்துக்கொண்டார்கள். பத்து நாள், காலையில் கூண்டின் சிமெண்டுத் தரையில் தேங்கியிருப்பதை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிக் குப்பியில் அடைத்தாள். மகாராணி கம்பியருகே வந்து உட்கார்ந்து, இது என்ன பிழைப்பு என்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. “பாரும்மா, பாரு. நீ குண்டானதுக்கு நான் இதையும் பண்ணணும்” என்றாள் அவள்.

ஒப்பிட்டுப் பார்க்க மனிதர்களும் தேவைப்பட்டார்கள். ஊழியர்களும் குடும்பத்தாரும் வரலாம் என்று அறிவிப்புப் போட்டார்கள். அலுவலக கிளார்க் பெயர் கொடுத்தான். அவன் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை நாற்காலியைவிட்டு எழாதவன்; தேநீர்கூட அவனைத் தேடி வரும். இவளும் பெயர் கொடுத்தாள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே எடை. நாள் முழுக்க நிற்பவளும் உட்கார்ந்தே இருப்பவனும் என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும், தன் உழைப்பு எண்ணாக வந்து விழட்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை.

வீட்டில் சொன்னபோது கணவர் துள்ளி எழுந்தார். “என்னையும் சேத்துக்கச் சொல்லு. பச்சை உணவு சாப்பிடறவன் உடம்பு எப்படி எரியுதுன்னு ஊர் உலகம் பாக்கட்டும்.” கூட்டத்துக்கு அன்றே செய்தி போனது.

அடுத்த பத்து நாள் குளிர்பதனப் பெட்டியில் கீரைக்குப் பக்கத்தில் இரண்டு பேருடைய குப்பிகளும் அடுக்கடுக்காக நின்றன. அவர் தன்னுடையவற்றில் பச்சை மையில் பெயர் எழுதினார். என்னென்ன சாப்பிட்டார் என்று கொடுக்க வேண்டிய பட்டியலுக்கு அவள் தன் நோட்டையே பக்கம் பக்கமாகப் படியெடுத்துக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, முடிவுகளை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்காரி தீவன சமையலறைக்கே வந்துவிட்டாள். மேசையில் இருந்த கோஸ் இலைகளை ஒதுக்கிவிட்டுத் தாள்களை விரித்தாள்.

“முதல்ல நல்ல செய்தி. மகாராணிக்குப் பட்டியல்ல ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து நூறு கலோரி போட்டிருக்காங்க. அது எரிக்கிறது ஆயிரத்து அறுநூறுகூட இல்ல. எடையை வெச்சு ஒரு சூத்திரம் இருக்கு, அதுல போட்டிருக்காங்க. மத்த மிருகத்துக்கு அது ஓரளவு சரியா வரும். உராங்குட்டானுக்கு வராது.”

“ஏன் வராது?”

“அதோட காட்டுல பழம் எல்லா மாசமும் கெடைக்காது. கொறைச்சலா செலவு பண்ற உடம்புதான் அந்தப் பஞ்சத்தைத் தாண்டி வந்திருக்கும்னு எங்க துறையில நெனைக்கிறாங்க. பரம்பரைச் சிக்கனம் அக்கா. அதுல கடைப் பழம் வேற. நாம இனிப்புக்காகவே வளர்த்த பழம், காட்டுப் பழம் மாதிரி நாரா இருக்காது. உங்க மேல தப்பே இல்ல. நீங்க பட்டியல்படி சரியா போட்டதாலதான் அது குண்டாச்சு.”

அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டிய நேரம். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. “பதினாலு மாசமா தினம் ஐநூறு கலோரி அதிகம்! நான் ஒரு கிராம் பிசகாம கொண்டுபோய்க் கொட்டியிருக்கேன். பிசகியிருந்தாலாவது அது நல்லாயிருந்திருக்கும்!”

ஆராய்ச்சிக்காரி அடுத்த தாளை எடுத்தாள். “இது நீங்க. ரெண்டாயிரத்து நூத்தி எண்பது.”

“அந்த கிளார்க்?”

“ரெண்டாயிரத்து நூறு.”

“எண்பதா?” அவள் கழுவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “நான் மூட்டை தூக்கறேன். பெட்டி இழுக்கறேன். நாலு மணி நேரம் ஈரத்துல நிக்கறேன். அவன் பேனாவைக்கூட அடுத்தவனை எடுத்துத்தரச் சொல்றான். எங்களுக்கு நடுவுல எண்பது கலோரியா? ஒரு வாழைப்பழம்கூடத் தேறாதே!”

“அவர் ஆம்பளை, அதுல கொஞ்சம் போயிடும். அது போக, நீங்க சரியா சாப்பிடாத சமயத்துல அளந்திருக்கோம், உடம்பு கையை இறுக்கிக்கிட்டிருக்கும். பழகின உழைப்புக்கும் அப்படித்தான். அங்க செலவு பண்ணினதை உடம்பு இன்னொரு பக்கம் மிச்சம் பிடிக்கும்போல. நாங்களே முதல்ல நம்பல.”

“என்கிட்டயிருந்து என் உடம்பே மிச்சம் பிடிக்குதா? இதுக்கு அந்த இயக்குநரே தேவலை.”

“ஆனா பாருங்க அக்கா, கொறைஞ்ச இந்தக் கணக்குலயும் உங்க எடையுள்ள மகாராணியைவிட ஐநூத்தி எண்பது அதிகம் எரிக்கிறீங்க. அந்த கிளார்க்கும்தான். உக்காந்தே இருந்தாலும் மனுஷ உடம்பு செலவாளி. மூளையே அஞ்சுல ஒரு பங்கைத் தின்னுடும். பெரிய மூளை, நெருக்கி நெருக்கிப் பிள்ளைங்க, அதுங்க தலையெடுக்கற வரைக்கும் சோறு. இவ்வளவு செலவுக்கு வரவு வேணாமா? பச்சையா மென்னுக்கிட்டே இருந்தா பொழுது பத்தாது. நெருப்புல வேகவெச்சதும், ஒருத்தர் கொண்டுவந்ததை நாலு பேர் பங்கு போட்டதும்தான் நம்மளைக் காப்பாத்தியிருக்கணும். குடல் சிறுத்துது, பல் சிறுத்துது. இனி திரும்பிப் போறதுன்னா முடியாது. குரங்கு நமக்கு முன்னோர் இல்ல அக்கா, பங்காளி. பாகம் பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு. அவங்க வீட்டுச் சாப்பாடு நமக்குக் கட்டாது.”

“இதை என் வீட்டுக்காரர்கிட்ட வந்து சொல்லு.”

அந்தப் பேச்சு வந்ததும் ஆராய்ச்சிக்காரியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கடைசித் தாளை அவள் உடனே நீட்டவில்லை.

“அவரோடதுலதான் கணக்கு உதைக்குது. ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து முன்னூத்தி ஐம்பது எரிச்சிருக்கார். நீங்க கொடுத்த நோட்டுப்படி சாப்பிட்டது ஆயிரத்து முன்னூறுதான். அப்படின்னா எடை மடமடன்னு இறங்கியிருக்கணும். அந்தப் பத்து நாள்ல இருநூறு கிராம் ஏறியிருக்கு.” தயங்கினாள். “வீட்ல எடை போட்டதுல ஏதாவது…”

அவள் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள்.

“எடை போட்டது நான்” என்றாள் அவள்.

“தெரியும் அக்கா. அதான் கேக்கறேன்.”

“என் தராசு தப்பாது.” அவள் தாளைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். ஆயிரத்து ஐம்பது கலோரி. ஒரு நாள் தவறாமல். மத்தியானத்தில் அவர் ‘நடைப்பயிற்சி’ என்று இரண்டு மணி நேரம் போய்வருவது நினைவுக்கு வந்தது. பச்சை உணவு தந்த தெம்பு என்று அவள் நினைத்திருந்தாள். “தராசு தப்பாது. அந்த மனுஷன்தான் தப்பு.”

ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள். மணி பன்னிரண்டரை. அவர் வேலை பார்த்த பேருந்துப் பணிமனை இரண்டு நிறுத்தம் தள்ளி. அதன் பின்பக்கம் தகரக் கூரை போட்ட கேன்டீன் ஒன்று உண்டு; ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சாப்பிடுகிற இடம். உள்ளே நுழைந்தவளுக்கு முதலில் தெரிந்தது அந்த முதுகு. முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் இருக்கையில் வளைந்த முதுகு. ஆயிரம் பேரில் அடையாளம் தெரியும். அவருக்கு முன்னால் ஆவி பறக்கும் சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு, இரண்டு முட்டை, கோழிக்கால் ஒன்று. எதிரே அவருடைய பழைய நடத்துநர்.

நடத்துநர்தான் முதலில் அவளைப் பார்த்தார். “இறங்கற இடம் வந்துடுச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டே தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்கு நழுவினார்.

கணவர் திரும்பினார். கையில் கோழிக்கால். முகத்தில் ஈயாடவில்லை.

“இது… இன்னைக்கு மட்டும்தான்…”

“நாப்பது நாளா தினமும் ஆயிரத்து ஐம்பது கலோரி. தண்ணி சொல்லுது. பொய் சொல்லாத தண்ணி.”

அவர் கோழிக்காலைத் தட்டில் வைத்தார்.

“நீங்க தின்னதுக்கு எனக்குக் கோபமில்ல” என்றாள் அவள். குரல் உடைந்தது, அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “தின்னுத் தொலைங்க. ஆனா வீட்ல என் அடுப்பு மேல கீரைத் தொட்டியை வெச்சுட்டு, நான் தாடை வலிக்க கோஸைக் கடிச்சுக்கிட்டிருக்கேன். கையெல்லாம் சில்லுன்னு ஆயி, ராத்திரி ரெண்டு போர்வை போத்திக்கிட்டேன். நீங்க எதிர்ல உக்காந்து ‘நல்லா மெல்லு, நல்லா மெல்லு’ன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க. வயித்துல கோழியை வெச்சுக்கிட்டு!”

“விட முடியல” என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டே. “முதல் மாசம் நெஜமாவே இருந்தேன். அப்புறம் தலை சுத்துச்சு. படியேற முடியல. நிறுத்திடலாம்னா, அங்க நூத்தி நாப்பது பேர்… பஸ்ஸை விட்டு இறங்கினதுக்கப்புறம் யார் என்னை நல்லாப் பண்றேன்னு சொன்னாங்க? ஒருத்தர்? நீகூடச் சொல்லல.”

அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு நாக்கு நுனியில் நிறைய இருந்தது. இருபத்து மூன்று வருடத்தில் தன்னை யார் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த முதுகு இன்னும் கூனியிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவருடைய சூப்பைத் தன் பக்கம் நகர்த்தினாள். சூடு தொண்டையில் இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள். முட்டையையும் கிழங்கையும் சாப்பிட்டாள். கோழிக்காலையும் விடவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“இன்னொரு தட்டு சொல்லட்டுமா?” என்றார் கடைசியில்.

“சொல்லுங்க. உங்களுக்கும் சேத்து.”

அன்று சாயங்காலம் கீரைத் தொட்டி ஜன்னலுக்குப் போனது. கூட்டத்திலிருந்து அவர் விலகிக்கொண்டார். உடல்நலக் காரணம் என்று எழுதினார். அது ஒருவகையில் உண்மைதான் என்று அவள் விட்டுவிட்டாள். மருத்துவர் சொன்னது தீர்ந்துபோகவில்லை என்பதால் இனிப்பும் எண்ணெயும் அவள் கையில்தான் இருந்தன. அதற்கு மட்டும் நோட்டு தொடர்ந்தது.

காட்சிசாலையில் அவள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. மன்னிப்பு வரவில்லை. ‘மேற்படி மெமோ கைவிடப்படுகிறது’ என்று ஒரு வரி வந்தது. அதிலும் தேதி தப்பு. டாக்டர் அவளைக் கண்டால் பறவைக் கூண்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். அதைவிடக் கொடுமை, புதிய பட்டியல். ஆராய்ச்சிக்காரியின் கணக்கை வைத்து எல்லாம் தலைகீழாக மாற்றினார்கள். பழம் பெருமளவு போயிற்று. அதற்குப் பதில் தழை, இளம் மரப்பட்டை, இலையோடு வெட்டிய கிளை. நறுக்கவே கூடாது, ஊழியர்கள் அங்கங்கே ஒளித்துவைத்ததை மகாராணி தேடி எடுத்து, உரித்துக் கடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது கிலோ கிளை.

“நாப்பது கிலோ கிளையை யார் கொண்டு வருவாங்க? எதுல கொண்டு வருவாங்க?” என்று அவள் இயக்குநர் அறையில் போய்க் கேட்டாள். “பழைய வண்டி கொட்டகையில நிக்குது. ஓட்ட ஆள் இல்ல.”

“உங்களுக்குத் தெரிஞ்ச ஓட்டுநர் யாராவது இருந்தா சொல்லுங்க. காலையில நாலு மணி நேர வேலை” என்றார் அவர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்.

இப்போது கணவர் காலை ஐந்து மணிக்கே அவளுக்கு முன்னால் குளித்து நிற்கிறார். வண்டியைத் துடைக்கிறார். பூங்கா, சாலையோரம் என்று வெட்டிப்போட்ட கிளைகளை ஏற்றிக்கொண்டு எட்டரைக்குச் சமையலறை வாசலில் பின்பக்கமாக வந்து நிறுத்துகிறார். மகாராணிக்கு ஏழு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியிருக்கிறது, திரும்பக் கயிற்றில் தொங்குகிறது. அவருக்கு நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. அவ்வளவும் அந்த வண்டி வேலையால் வந்தது என்கிறார். இல்லை, நான் அளந்து போடுகிற சாப்பாட்டால் வந்தது என்று அவள் எவ்வளவு சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வீட்டில் இருந்த ஆள் வேலைக்கும் வந்துவிட்டதுதான் அவளுடைய இப்போதைய தலைவேதனை. நேற்று வண்டியிலிருந்து ஒரு கிளையை உருவி அவள் முன்னால் ஆட்டினார்.

“இந்த மரத்து இலையை மகாராணி தொடவே மாட்டேங்குது. அந்தப் பக்கத்து மரம்தான் வேணுமாம். நான் பாத்து வெச்சிருக்கேன். உன் பட்டியல் தப்பு.”

“அது என் பட்டியல் இல்ல. டாக்டர் போட்டது. கிளையைத் தராசுல வைங்க.”

“தப்புன்னு தெரிஞ்சும் எடை போடுவியா?”

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரை முறைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, எந்த மரம், எத்தனை நாளாகத் தொடவில்லை, என்னென்ன கிழமை என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, பட்டியலின் ஓரத்தில் பேனாவால் எழுதினாள். அதைச் சுவரிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டு, பூட்ஸ் சத்தம் கேட்கக் கேட்க, டாக்டரைத் தேடிப் பறவைக் கூண்டுப் பக்கம் நடந்தாள்.